கொல்லைப்புறத்தில் ஒரு வைக்கோல் வீடு

டொரோண்டோவில் நேற்று இரவு மைனஸ் 18. காலையில் கதவைத் திறந்ததும் தெருப் பூனைக்காகக் கொல்லையில் வைத்திருக்கும் பெட்டியைத்தான் போய்ப் பார்த்தேன். உள்ளே வைக்கோலைக் குடைந்து, வாலால் மூக்கை மூடிக்கொண்டு அந்தச் சாம்பல் பூனை படுத்திருந்தது. அதற்கு இடது காது நுனி இருக்காது. அதைப் பிடித்துக் கருத்தடை செய்து, திரும்ப வெளியே விட்டவர்கள் வைத்த அடையாளம் அது.

போன வருடம் தெரியாமல் பழைய போர்வையைப் போட்டுவிட்டேன். ஈரத்தை உறிஞ்சி, பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. தொட்டுப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. தயவுசெய்து துணி வேண்டாம், வைக்கோல் போடுங்கள். காய்ந்த தீவனப் புல்லும் வேண்டாம், அதுவும் ஈரத்தை இழுக்கும்.

மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, உள்சுவரெல்லாம் தெர்மோகோல், 15 செ.மீ. வாசல், அடியில் செங்கல். அவ்வளவுதான். பெட்டி சின்னதாகவே இருக்கட்டும். பூனையின் உடம்புச் சூடுதான் அங்கே அடுப்பு. இடம் பெரிதானால் சூடு நிற்காது.

தண்ணீர்தான் பெரும்பாடு, வைத்த கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடுகிறது. வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை மாற்றுகிறேன்.

இன்று பனியில் இன்னொரு பூனையின் காலடியும் இருக்கிறது. சாயங்காலம் இரண்டாவது பெட்டி வாங்கப் போகிறேன்.