தம்பியின் இசட் புள்ளியும் ஓர் அடிமட்டமும்

இலங்கையில் பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: "பிள்ளை, தம்பிக்கு எத்தினை ஏ?" ஒன்றும் இல்லை. பி, சி, சி. அதைச் சொல்லும்போதே அம்மாவின் குரல் இறங்கிவிடும். பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைக்கு ஏ, பி, எஸ் (எஸ் என்றால் வெறும் சித்தி). அந்த வீட்டில் கேக் வெட்டினார்கள். எங்கள் வீட்டில் தம்பி அறைக்கதவைச் சாத்திக்கொண்டான்.

பெறுபேற்றுத் தாளில் எழுத்துகளுக்குக் கீழே இன்னொரு எண் இருக்கிறது, அதுதான் இசட் புள்ளி. தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம். பல்கலைக்கழகம் பார்ப்பது அதைத்தான். தம்பிக்கு 0.9 சொச்சம். ஒழுங்கைப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. இரண்டு வீட்டாரும் நம்பவில்லை. தாளை இரண்டு தரம் பார்த்த பிறகுதான் நான் விளக்க உட்கார்ந்தேன்.

ஒரு பேச்சுக்கு, ஒரு பாடத்தில் நாடு முழுவதும் எழுதியவர்களின் சராசரி 40, நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து நிற்கின்றன என்பதன் அளவு) 20 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 60 எடுத்தால் சராசரியைவிட 20 கூட, அதை நியம விலகல் 20ஆல் பிரித்தால் உங்கள் இசட் 1. சராசரியையே எடுத்தால் பூச்சியம். அதற்குக் கீழே போனால் மைனஸ். மூன்று பாடத்தின் இசட்டையும் கூட்டி மூன்றால் பிரித்தால் தாளில் உள்ள எண் வந்துவிடும். அந்தப் பிள்ளை பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தவள். ஏ வந்தது அதில்தான். ஏ என்பது 75இலிருந்து தொடங்குகிறது. 76உம் ஏ, 95உம் ஏ. கூட எழுதிய பலரும் நன்றாகச் செய்திருந்தால் அந்த ஏக்கு இசட்டில் பெரிய கனம் இல்லை. இரசாயனவியலில் எஸ் வேறு கீழே இழுத்துவிட்டது. தம்பியின் மூன்று பாடமும் சராசரிக்கு மேலேதான் நின்றன.

இந்த இசட் விவகாரம் எனக்குப் புதிதில்லை. நான் உயர்தரம் எழுதியது 2011. பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாகப் போட்டுக் கணித்துவிட்டார்கள். வழக்குப் போய், 2012இல் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளி, மறுபடி கணிக்க வைத்தது. அந்த மாதங்களில் நாங்கள் பட்ட பாடு ஒரு தனிக் கதை. பெரியப்பாவிடம் இசட் பற்றிப் பேசினால் அவர், பல்கலைக்கழகம் போகத் தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்ட 1970களின் தரப்படுத்தலில் போய் நிற்பார். அந்தப் பேச்சு லேசில் முடியாது.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். இது அவனுக்கு செகண்ட் ஷை, அதாவது இரண்டாம் தரம். முதல் தரம் உயிரியலில் பி, மற்ற இரண்டிலும் எஸ். மூன்றிலும் குறைந்தது எஸ், பொதுச் சாதாரண பரீட்சையில் 30 என்றால் விண்ணப்பிக்கும் தகுதி வந்துவிடும். தகுதி இருப்பதும் இடம் கிடைப்பதும் வேறு வேறு என்பது அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் உறைத்தது. போன வருடத்து நல்ல பாடத்தையும் இந்த வருடத்து நல்ல பாடத்தையும் சேர்த்துக் காட்டலாமா என்று அம்மா கேட்டார். முடியாது, மூன்றும் ஒரே தடவையில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வாங்கிவந்தோம். அப்புறம் முந்தைய வருட வெட்டுப்புள்ளி அட்டவணை, அதாவது கடைசியாக இடம் கிடைத்தவரின் இசட். 25 மாவட்டங்கள், ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனி எண். அவ்வளவு பொடி எழுத்து. முதல் நாள் இரவு தம்பி எங்கள் வவுனியாவைப் பார்ப்பதாக நினைத்து மன்னாரைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தான். அடுத்த நாள் அடிமட்டத்தை (ஸ்கேலை) வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தோம். சில கட்டங்களில் எண்ணே இல்லாமல் என்கியூசி என்று இருந்தது. அந்த மாவட்டத்துக்கு இடமே இல்லை என்று பயந்துவிட்டான். அங்கே தகுதியானவர் எவரும் இருக்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

மாவட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பெரும்பாலான நெறிகளில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. வவுனியா அதில் அடங்கும். உயர்தரத்துக்குத் தம்பியை யாழ்ப்பாணத்தில் விடுதியில் சேர்க்க அப்பா ஒரு கட்டத்தில் துடித்தார். சேர்த்திருந்தால் யாழ் மாவட்டப் போட்டிக்குள் போயிருக்கவும் கூடும். வீட்டு முகவரியை மட்டும் வைத்து மாவட்டத்தைத் தீர்மானிப்பதில்லை, கடைசி மூன்று வருடம் எங்கே படித்தோம் என்பதைப் பார்க்கிறார்கள்.

விண்ணப்பம் இணையத்தில். எங்களிடம் பிரிண்டர் இல்லாததால் ஒரு கொமினிகேசன் கடைக்குப் போனோம். அங்கிருந்தவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "நிச்சயம் கிடைக்கிறதை முதல்ல போடுங்கோ." தம்பியும் தலையாட்டி, வவுனியாப் பல்கலைக்கழகத்து நெறி ஒன்றின் யுனிகோட்டை (விண்ணப்பத்தில் நெறியைக் குறிக்கும் குறியீட்டை) முதலாவதாக அடித்துவிட்டான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். தெரிவு மேலிருந்து கீழே போகிறது. உங்கள் புள்ளி போதுமான முதல் இடம் வந்ததும் நின்றுவிடும், கீழே இன்னும் நல்லது இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. அதனால் ஆசையின் வரிசையில்தான் அடுக்க வேண்டும். முதலில் மருத்துவத்தைப் போட்டோம். கிடைக்காது என்று தெரியும், போட்டதால் கீழே உள்ளவற்றுக்கு ஒரு நட்டமும் இல்லை. கொமினிகேசன்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அச்செடுத்த தாளில் அதிபரின் கையெழுத்து வாங்கி, கொழும்பு 7, வாட் பிளேஸ் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். தபால் பற்றுச்சீட்டை அம்மா சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு.

வந்தது ஆறாவது தெரிவு. யாழ் பல்கலைக்கழக விவசாய பீடம். அது இருப்பது யாழ்ப்பாணத்தில் அல்ல, கிளிநொச்சி அறிவியல் நகரில், எங்களுக்கு இன்னும் கிட்ட. கொமினிகேசன்காரர் சொன்ன வரிசையில் விட்டிருந்தால் முதலாவதிலேயே நின்றிருக்கும்.

ஒழுங்கைப் பிள்ளைக்கு இந்த முறை அவள் கேட்டது எதுவும் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம்தான் எழுதலாம், அவளுக்கு இன்னும் ஒன்று மிச்சம். போன கிழமை எங்கள் கைந்நூலை வாங்க வந்தாள். உள்ளே தம்பியின் அடிமட்டம் அப்படியே இருந்தது. அதோடு சேர்த்துக் கொடுத்து, விண்ணப்பிக்கும்போது அந்த வருடத்துப் புத்தகத்தைத் தனியாக வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.