பருத்திப்பாலில் சுற்றும் தேங்காய்த் துருவல்

நேற்று சாயங்காலம் மதுரை விளக்குத்தூண் பக்கம் வண்டியை நிறுத்தி ஒரு டம்ளர் பருத்திப்பால் வாங்கினேன். சுக்கு வாசனை ஆளைத் தூக்கியது. கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கினால் பால் வட்டமடிக்கிறது. தேங்காய்த் துருவலோ அந்த வட்டத்தோடு போய்க்கொண்டே தன்னைத்தானேயும் சுற்றிக்கொள்கிறது.

என் ஆராய்ச்சியே இதுதான் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். திரவ ஓட்டத்தைக் கணக்கிடும் வழக்கமான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு திசைவேகம், அவ்வளவுதான். துருவலுக்கோ ரத்தத்தின் சிவப்பணுவுக்கோ அது போதாது. 1966-ல் எரிங்கன் என்ற அறிஞர் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக ஒரு சுழற்சியையும் கொடுத்தார். மைக்ரோபோலார் திரவம் என்று பெயர். கோண உந்தத்துக்குத் தனிச் சமன்பாடு வரும், தகைவு டென்சர் (திரவத்துக்குள் விசை எந்தப் பக்கம் எவ்வளவு என்று சொல்லும் எண் அட்டவணை) சமச்சீராக இருக்க வேண்டிய கட்டாயம் போய்விடும். (திடப்பொருளில் இதே யோசனையை கோசரா சகோதரர்கள் 1909-லேயே எழுதிவிட்டார்கள்.)

வெப்பத்தைச் சேர்த்ததும்தான் தலைவலி. பாலும் துருவலும் வேறு வேறு வேகத்தில் சுழன்றால் அந்த உரசலும் வெப்பமாக மாறும். டம்ளரோடு எல்லாமே ஒரே சீராகச் சுற்றினால் உரசல் இல்லை, வெப்பமும் பூச்சியம். என் புரோகிராமிலோ சும்மா சுற்றிய திரவம் சூடேறிக்கொண்டே போனது! மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், லெவி-சிவிட்டா குறியீட்டில் (சுட்டெண்களின் வரிசையைப் பொறுத்து பிளஸ், மைனஸ் அல்லது பூச்சியம் தரும் குறியீடு) இரண்டு சுட்டெண்களை இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன், பிளஸ் மைனஸாகிவிட்டது.

இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் பால் ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது. கடைக்கார அண்ணன், "சூடா இன்னொண்ணு ஊத்தவா தம்பி?" என்றார். சரி என்றேன்.