மேஜைமேல் இருக்கும் தொகுப்புகள்

மார்ச் 2
டோக்கியோ வீட்டைக் காலிசெய்கிறோம். பெரிய சாமான்களைக் குப்பையில் போட ஒட்டவேண்டிய ஸ்டிக்கர்கள் வாங்கிவந்தேன். சைக்கிளுக்கும் சோபாவுக்கும் ஒட்டியாயிற்று. புத்தக அலமாரியில் இன்னும் கைவைக்கவில்லை.

மார்ச் 4
ஜப்பானியப் படக்கதைக் கலைஞர் பான்பான்யாவின் மாங்கா (படக்கதை) தொகுப்புகளை மட்டும் தனியே எடுத்து மேஜைமேல் அடுக்கினேன். அப்படியே வாசிக்க உட்கார்ந்துவிட்டேன். 2014இல் வெளிவந்த 'கானி நி சசோவாரேதே'. ஊருக்குள் ஒரு நண்டு நடந்து போகிறது, ஒரு சிறுமி அதன் பின்னாலேயே போகிறாள். கதையின் தொடக்கம் இவ்வளவுதான். எத்தனை முறை படித்தாலும் நானும் கூடவே போய்விடுகிறேன்.

இன்று படங்களை மட்டும் பார்த்தேன். சிறுமியின் முகம் சில மெல்லிய கோடுகள்தான். குழந்தை கிறுக்கியதுபோல ஒரு வட்டம், கண், வாய், அவ்வளவே. பின்னால் இருக்கும் தெருவோ மை அப்பிக் கிடக்கிறது. மின்கம்பம், அதிலிருந்து பிரியும் கம்பிகள், சுவரில் ஏறும் குழாய், துருவேறிய தகரம், எழுத்து மங்கிய பெயர்ப்பலகை. ஆள் லேசு, இடம் கனம். நினைவும் இப்படித்தான் இருக்கிறது. ஏழு வயதில் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தெரு ரேஷன் கடைச் சுவரில் காரை பெயர்ந்திருந்த இடம் இன்றைக்கும் துல்லியமாகத் தெரிகிறது. இவர் வரைந்த ஊர் எனக்கு முன்பின் தெரியாத ஊர். அதைப் பார்த்து எனக்கு ஏன் ஏக்கம் வரவேண்டும் என்ற கேள்விக்கு இதுதான் பதில் என்று நம்புகிறேன்.

மார்ச் 5
புறப்படும் நாளைச் சொல்லும் கடிதம் வரவில்லை.

மார்ச் 8
பெட்டிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்பினேன். அரகாவா ஆற்றைத் தாண்டி சுனமாச்சி கின்சா. 670 மீட்டர் நீளக் கடைத்தெரு, இரண்டு பக்கமும் பொரித்ததும் வேகவைத்ததுமாகப் பதார்த்தக் கடைகள். மீன் வந்த தெர்மாகோல் பெட்டிகளில் மண் நிரப்பி வெங்காயத்தாள் வளர்க்கிறார்கள். தக்கையில் பழைய மீன் கம்பெனி முத்திரை இன்னும் அழியவில்லை. அதன்மேல் ஒரு சிறு பூனை உட்கார்ந்திருந்தது.

பக்கத்துச் சந்தில், ஒரு வீட்டின் மாடிச்சுவரில் கைப்பிடியோடு ஒரு கதவு. வெளியே பால்கனியும் இல்லை, படியும் இல்லை. திறந்து கால் வைத்தால் காற்றுதான். நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். 1972இல் டோக்கியோவின் யோட்சுயா பகுதியில் ஏறி இறங்க மட்டுமே வழியுள்ள, வாசல் இல்லாத ஒரு படிக்கட்டைக் கண்ட கலைஞர் அகசெகாவா கென்பெய், இப்படிப் பயனற்றுப் போயும் பராமரிக்கப்படுகிறவற்றுக்கு 'தோமாசொன்' என்று பெயர் வைத்தார். 1986இல் அவரும் நண்பர்களும் தெருவைக் கவனிப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பான்பான்யாவின் கண்ணும் அந்த வழியில் வந்ததுதான் என்பேன். இவர் ஒரு படி மேலே போய், அந்தக் கதவைத் திறந்து உள்ளே ஒரு கடையையே வைத்துவிடுவார்.

மார்ச் 9
அம்மா போனில். "சாமான் எல்லாம் கட்டியாயிற்றா?" என்றார். "பாதி, அம்மா" என்றேன். பேச்சு எப்படியோ பான்பான்யாவின் 'குயபானோ ஹாலிடே'க்குப் போயிற்று. ஒரு பழத்தின் மேல் ஆவல் வந்து, அதைத் தேடிப் பிலிப்பைன்ஸ் வரை போகும் பயணக்கதை. குயபானோ என்பது முள்சீத்தா என்றதும் அம்மா, "அதற்கா இவ்வளவு தூரம்? நம் பின்வீட்டில் காய்த்துக் கொட்டுகிறதே" என்றார்.

அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே யாரும் திரும்பிப் பார்க்காத பழம் பான்பான்யாவுக்கு அதிசயம். அவருடைய ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத சாக்கடை மூடி எனக்கு அதிசயம். கனவில் வரும் ஊரையும் விமானம் ஏறிப்போன ஊரையும் அவர் ஒரே கவனத்தோடு வரைகிறார்.

மார்ச் 12
மழை. கடிதம் இல்லை. ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் அந்த மெட்டு. பேரிடர் அறிவிப்புக் கருவி வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்காகப் போடுகிறார்கள். குழந்தைகள் வீடு திரும்புவதற்கான மணியும் அதுவே. இன்று தாங்க முடியவில்லை.

மார்ச் 15
பான்பான்யாவைப் பற்றிப் பேசினாலே அவருக்கு முந்தைய மாங்கா கலைஞர் சுகே யோஷிஹாருவை இழுக்கிறார்கள். 1968இல் 'கரோ' மாங்கா இதழில் வந்த அவருடைய 'நெஜிஷிகி'யை நேற்றிரவு மறுபடி படித்தேன். ஜெல்லிமீன் கடித்து ரத்தநாளம் அறுந்த கையைப் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞன் மீனவக் கிராமத்தில் டாக்டரைத் தேடி அலைகிறான். வழி கேட்டால் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. அந்தக் கனவில் உடம்பு நடுங்குகிறது. மகத்தான படைப்பு. ஆனால் இந்த நாட்களில் எனக்கு அது வேண்டாம்.

பான்பான்யாவின் சிறுமியும் வழி தெரியாமல்தான் அலைகிறாள். ஆனால் அவள் பயப்படுவதில்லை, விசாரிக்கிறாள். பேசும் நாய் ஒன்று பக்கத்தில் வந்து நியாயமான யோசனை சொல்கிறது. புரியாத ஊரில் கவலையில்லாமல் புரியாமல் இருக்கலாம் என்ற அனுமதி இந்தப் பக்கங்களில் கிடைக்கிறது. நிஷிகசாய் ரயில் நிலையத்தில் முதன்முதலாக இறங்கி ஒரு பலகையும் வாசிக்கத் தெரியாமல் நின்ற எனக்கு வேறு எந்தப் புத்தகமும் அதைத் தரவில்லை.

மார்ச் 16
கதைகளுக்கு இடையே பான்பான்யா உரைநடையில் எழுதும் குறிப்புகளை மட்டும் வாசித்தேன். மனம் அடங்கியது.

மார்ச் 18
"கனத்துக்குத்தான் காசு. படப் புத்தகங்களை இங்கேயே பழைய புத்தகக் கடையில் கொடுத்துவிடலாமே" என்றார் என் கணவர். நான் பதில் சொல்லவில்லை. சட்டிகளைக் கொடுக்கட்டும், குளிர்காலப் போர்வைகளைக் கொடுக்கட்டும். இவற்றை யாரும் தொடக்கூடாது.

மார்ச் 19
அஷிசூரி முனை ஷிகோகுத் தீவின் தென்கோடியில் இருக்கிறது. பான்பான்யாவின் 'அஷிசூரி சுயிசோகுகான்' தொகுப்பை வாங்கிய நாளிலிருந்து போகவேண்டும் என்று இருந்தேன். இனி எப்போது?

மார்ச் 21
கடிதம் வந்துவிட்டது. எல்லாம் முன்னால் தள்ளப்பட்டிருக்கிறது. லாரி திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. இன்னும் சமையலறை அப்படியே கிடக்கிறது, தொகுப்புகளைக் கைப்பையில் வைக்கிறேன், மற்றதை நாளை