வாளியில மீன் தின்னுற கூழைக்கடா

"அண்ணா, இதப் பாருங்க" எண்டு தம்பி வீடியோ கோல்ல கெமராவத் திருப்புறான். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பார்க் குளத்தடி. வாங்குல இருக்கிற ஒரு கிழவிக்குப் பக்கத்துல வெள்ளைக் கூழைக்கடா ஒண்டு ஏறிக் குந்தியிரிக்கு!

நான் அந்நேரம் மட்டக்களப்பு வாவிக்கு மேல, கல்லடிப் பாலத்துல சைக்கிளோட நிக்கிறன்.

1664ல ரஷ்யத் தூதுவர் அங்கத்த ராசாவுக்குக் கூழைக்கடா குடுத்ததுல தொடங்கினதாம், இண்டைக்கும் பின்னேரத்துல ஆள் வந்து வாளியில மீன் குடுக்குமாம்.

வாளியில!

நம்மட வாவியில நிக்கிறது வேற இனம், சாம்பல் நிறம், சொண்டு ஓரத்துல வரிசையாப் புள்ளி. போனத் திருப்பிக் காட்டினன். தலைய முக்கி எடுத்து, சொண்டுப் பைய நெஞ்சோட அமத்தித் தண்ணிய வடிய விட்டுட்டு, மறுகா அண்ணாந்து ஒரே விழுங்கு.

தம்பி கனநேரம் ஒண்டும் பேசல்ல.

ஊர்ல இருக்கக்க வாவிப் பக்கம் திரும்பியும் பாக்காதவன், இப்ப லீவு நாள்ல குளிருக்க பைனாகுலரோட நிக்கிறான். வெளிநாடு போன பிறகுதான் நம்மட பொடியன்மாருக்கு இஞ்சத்தப் பறவையளும் கண்ணுல படுது போல. வீட்டு நினைப்பு எண்டு அம்மா சொல்றா, எனக்கெண்டா பைத்தியம் முத்திட்டுது எண்டுதான் தெரியுது, வாற முறை வரக்க விடியச் சாமத்துல தோணி ஒழுங்குபண்ணி வைக்கட்டாம்.

தோணிக் கூலி அவன்தான் குடுக்கணும், இப்பவே சொல்லிப்போட்டன்.