பூசணிக்காய்க்கு அனுமதி மறுப்பு

பெங்களூர் அல்சூரில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய கேட்டு போட்ட குடியிருப்புக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. நீச்சல் குளம், ஜிம், ஓடுவதற்குத் தனிப் பாதை, எல்லாம் உண்டு. தண்ணீர் மட்டும் லாரியில் வருகிறது. (திட்டம் போட்டுக் குடியேறுவது இந்த ஊருக்குப் புதிதில்லை, 1882-இல் ஆங்கிலோ இந்தியர்களுக்காக உண்டான குடியிருப்புதான் ஒயிட்ஃபீல்டு, ஒயிட் என்பவர் பெயர்தான் ஊருக்கே. அவர்கள் லாரியை நம்பியிருக்க மாட்டார்கள்.)

பால் காய்ச்சியாயிற்று. ஆனால் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை, திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்கவில்லையாம். இங்கே கடையில் கிடைப்பதோ பிளாஸ்டிக் சுற்றிய கால் துண்டு. "இதை வச்சு யாருக்குடா சுத்துறது, கால் வீட்டுக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் ஆபீஸ் போனதும் மெட்ரோ ஏறி அல்சூர் மார்க்கெட்டுக்கே போய் முழுசாக ஒன்று வாங்கிவிட்டாள். 2023-இல் இருந்து ஒரே ரயிலில் போய் வரலாம் என்பது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மெட்ரோ ஸ்கேனரில் பூசணிக்காயை நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள், அம்மா தன் கன்னடத்தில் திருஷ்டியின் வரலாறு முழுவதையும் சொல்லித் தப்பித்திருக்கிறாள்.

மாட்டியது எங்கள் கேட்டில். வாட்ச்மேனுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. அம்மாவுக்கு இந்தி தெரியாது. அவன் போட்டோ எடுத்து, உள்ளே விடலாமா என்று ஆப்பில் எனக்கு அனுப்பினான். நான் மீட்டிங்கில் இருந்தேன். திரையில் ஒரு புடவைத் தலைப்பு, அதற்கு மேலே முகத்தை முழுசாக மறைத்தபடி சாம்பல் பூத்த ஒரு பூசணிக்காய். யாரோ காய்கறி விற்க வந்திருக்கிறார்கள் என்று 'மறு' பொத்தானை அழுத்திவிட்டு மானேஜருக்குத் தலையாட்டினேன்.

இரண்டு நிமிடத்தில் போன். "பெத்தவளையே வேணாம்னுட்டியாமே?"

சாயங்காலம் உடைப்பதற்கும் இடம் இல்லை. உள்ளே டைல்ஸ் கறையாகும், வெளியே போய் உடையுங்கள் என்றார் சூப்பர்வைசர். சரி என்று மேலே ஓட்டை போட்டு, குங்குமமும் சில்லறையும் நிரப்பி, கற்பூரம் ஏற்றி, கேட்டுக்கு வெளியே தண்ணீர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றோம். சுற்றி முடித்து நான் ஓங்கும்போது முதல் லாரியில் இருந்து ஒரு குரல், "அம்மா, அப்படியே நம்ம வண்டிக்கும் ஒரு சுத்து!" தர்மபுரிக்காரர். அம்மாவுக்கு இரண்டு வாரத்தில் அன்றைக்குத்தான் முகத்தில் சிரிப்பு. அணைந்த கற்பூரத்தை மறுபடி ஏற்றி லாரிக்கும் சுற்றினாள். சில்லறையை அவர் பையன்தான் பொறுக்கினான்.

மறுநாள் காலை குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ. கேட்டு வாசலில் சிவப்பாக ஏதோ சிதறிக் கிடக்கிறது, ரத்தமா, சிசிடிவி பார்க்க வேண்டும் என்று டவர் 3-இல் இருந்து ஒருவர். நாற்பத்தியிரண்டு பதில்கள். நானும் 'ரொம்பக் கவலையாக இருக்கிறது' என்று ஒன்று போட்டு வைத்தேன்.