மூன்று எண்ணும் வேலை

சிறையிலிருந்து வரும் மனுவைத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பென்சிலை அவ்வளவு அழுத்தி எழுதியிருப்பார்கள், தாளின் பின்பக்கம் புடைத்திருக்கும். இடம் போதாமல் ஓரங்களிலும் எழுத்து ஏறி இறங்கும். அமெரிக்காவில் ஒரு ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில், வக்கீல் இல்லாமல் தாங்களே வழக்குப் போடுகிறவர்களின் மனுக்களை முதலில் வாசிக்கும் கிளார்க்காகச் சில வருடங்கள் இருந்தேன். வாசிப்பது என்று பேர்தான். முதல் வேலை எண்ணுவது.

1996-இல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று, பட்ஜெட் மசோதாவோடு தொற்றிக்கொண்டு வந்தது. சிறையில் இருந்தபடி போட்ட வழக்கோ மேல்முறையீடோ அற்பமானது, கெட்ட நோக்கம் கொண்டது, அல்லது சட்டப்படி நிற்காதது என்று மூன்று முறை தள்ளுபடியானால், அடுத்ததற்கு ஏழை என்ற சலுகை கிடையாது. வழக்குக் கட்டணத்தை, இன்றைய கணக்கில் 405 டாலரை, மொத்தமாக முன்கூட்டியே கட்டவேண்டும். உடம்புக்குக் கடுங்காயம் நேரும் ஆபத்து கண்முன்னால் இருந்தால் மட்டும் விலக்கு. பேஸர் என்ற கணினிப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் பழைய தள்ளுபடிகள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து நிமிட வேலை.

சலுகை கிடைத்தவருக்கும் இலவசம் அல்ல. 405-க்குப் பதில் 350 டாலர், தவணையில் போகும். சிறைக் கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம் முந்தைய மாத வரவில் 20 சதவீதம் பிடிப்பார்கள். வழக்குக்கு வழக்கு தனித்தனியாகப் பிடிக்கலாம் என்று 2016-இல் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஐந்து வழக்கு என்றால் ஐயிருபது நூறு. ஃபெடரல் சிறையில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குக் கூலி மணிக்கு 12 சென்ட்டில் ஆரம்பம். 350 டாலருக்கு ஏறத்தாழ 2,900 மணி நேரம் துடைக்கவேண்டும்.

குவியல் தொந்தரவுதான், பொய் சொல்லவில்லை. ஒருவர் அதே மனுவில் பெயரை மட்டும் மாற்றி வார்டன், சமையலறை மேலாளர், ஜனாதிபதி என்று எல்லார் மேலும் போடுவார். அவர் கையெழுத்தைப் பார்த்ததும் அலுப்பு வரும். வைக்கோற்போரில் ஊசி தேடுகிறவனுக்கு ஊசியே வேண்டாம் என்று ஆகிவிடும் என்று சுப்ரீம் கோர்ட் ஜஸ்டிஸ் ஜாக்சன் 1953-லேயே எழுதிவிட்டார். இந்தச் சட்டம் வந்த நாட்களில் எல்லாரும் சொல்லிச் சிரித்தது கடலை வெண்ணெய் வழக்கு: கேட்ட ரகம் வரவில்லை என்று கைதி கோர்ட்டுக்குப் போனாராம். ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்ற ஜட்ஜ் ஜான் நியூமன் அந்த வழக்கை எடுத்துப் படித்துப் பார்த்தார். தவறாக வந்த ஜாடியைக் காவலர் திரும்ப வாங்கிக்கொண்டார், மறுநாள் சரியானது வரும் என்றார். அன்றிரவே ஆளை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜாடியும் வரவில்லை, 2.50 டாலரும் திரும்பவில்லை.

சென்னையில் சட்டம் படித்தபோது 1949-ஆம் வருட மதராஸ் சட்டம் ஒன்றைப் பார்த்த ஞாபகம். வீண்வழக்குப் போடுகிறவர் என்று ஹைகோர்ட் ஒருவரைப் பற்றி உத்தரவு போட்டுவிட்டால், புது வழக்குக்கு நீதிபதியின் அனுமதி வேண்டும். அனுமதிக்க வேண்டுமென்றால் யாராவது மனுவைப் படித்தாகவேண்டும். அமெரிக்காவின் மூன்று எண்ணும் சட்டத்திலோ ஆபத்து ஏதும் தெரிகிறதா என்று புரட்டினால் போதும். மற்றபடி பூட்டுக்குச் சாவி பணம்தான்.

எனக்கு மறக்காத ஒருவருடைய மனு, அறை மாற்றும்போது காணாமற்போன மூக்குக்கண்ணாடியைப் பற்றியது. உடைமை ரசீதையும் சேர்த்திருந்தார். எண்ணினேன், மூன்று இருந்தது. கண்ணாடி இல்லாதது கடுங்காயம் ஆகாது. 30 நாளில் பணம் கட்டச் சொல்லி உத்தரவு எழுதிக் கொடுத்தேன், ஜட்ஜ் கையெழுத்திட்டார். பணம் வரவில்லை. கோப்பை மூடினோம்.

சில வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு கடிதம். எழுத்து முன்னைவிடப் பெரிதாக, கோடு தாண்டித் தாண்டி. அந்த ரசீதுக்கு என்னிடம் வேறு பிரதி இல்லை ஐயா, ஒரு நகல் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட், முன்பணம். அச்சடித்த படிவத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்து அனுப்பினேன்.

பதில் உறைக்குள், மடித்த வெள்ளைத் தாளில் ஒரே ஒரு தபால்தலை இருந்தது, புதியது. காசாளரிடம் கொண்டுபோனேன். தபால்தலையெல்லாம் எடுத்துக்கொள்ள முடியாது என்றார்.