நான்கு விரற்கடை

காலை நீட்டி உட்கார்ந்து குனிந்தால் என் கைவிரல் கால்விரலைத் தொடாது. நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. ஒரே மாதத்தில் அதை ஒழித்துவிடுவது என்று போன வருடம் கிளம்பினேன். பாதத்தில் துண்டை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டும்வரை இழுப்பேன். வலித்தால்தான் தசை நீளும் என்பது என் கணக்கு.

மூன்றாவது வாரம், உட்காரும் எலும்புக்குச் சற்றுக் கீழே சுருக்கென்று பிடித்தது. அப்புறம் இரண்டு மாதம் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தேதான் உட்கார்ந்தேன்.

பிசியோதெரபிஸ்ட் பெண் என்னைப் படுக்க வைத்து, நான் வழக்கமாக இழுக்கும் அளவுக்குக் காலைத் தூக்கினார். "பின்தொடையைத் தொட்டுப் பாருங்க சார்." கல் மாதிரி இருந்தது. காலைக் கொஞ்சம் இறக்கி, மூச்சை விடச் சொன்னார். "இப்போ?" பிசைந்த மாவு மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். தசைக்குள் நீட்சியை உணரும் நுண்ணிய உணர்விகள் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, தசை உடனே சுருங்கும். வலி கண்டாலும் உடம்பு தசையை இறுக்கித் தற்காத்துக்கொள்ளும். நான் கயிறு இழுக்கும் போட்டி நடத்தியிருக்கிறேன், அதுவும் என் காலோடு! தவிர, முதல் சில வாரங்களில் கூடுதலாக எட்டுவது பெரும்பாலும் தசை நீண்டதால் அல்ல. அந்த இழுப்பை நரம்பு மண்டலம் பொறுத்துக்கொள்ளப் பழகுவதால். மிரட்டினால் அது எப்படிப் பழகும்?

பலமாக இழுத்தால் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எட்டும் என்பது பொய்யில்லை. குளித்துவிட்டு வருவதற்குள் பெரும்பாலும் போய்விடும், அவ்வளவுதான்.

இப்போது இழுப்பின் கடுமையைப் பத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். இழுப்பு தெரிய வேண்டும், ஆனால் பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணமாகப் பேசவும் முடிய வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 30 வினாடி, இரண்டு தடவை. ஓடுவதற்கு முன் இதைச் செய்வதில்லை. ஒரு தசையை மொத்தம் 60 வினாடியோ அதற்கு மேலோ இழுத்துப் பிடித்தால் சற்று நேரம் அதன் பலம் குறைகிறது. அதனால் ஓடுவதற்கு முன் காலை வீசி ஆட்டுவதோடு சரி. நிறுத்திப் பிடிப்பதெல்லாம் ஓடி முடித்த பிறகு.

சத்தியமாகச் சலிப்பாக இருக்கிறது. ஏதோ செய்தோம் என்ற திருப்தியே வருவதில்லை. நான்கு மாதம் ஆகிறது. வலது காலில் இரண்டு விரற்கடை மிச்சம், அடிபட்ட இடது காலில் மூன்று.